மக்கள் ஏன் புலம்பெயர்கிறார்கள், போன இடம் அவர்களை எப்படி ஏற்கிறது? பர்மாத் தமிழர் வரலாற்றின் வழியே ஓர் எளிய விளக்கம்

பிறந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டுக்குப் போய்ப் பிழைப்பதையும், அங்கேயே தங்கிவிடுவதையும் புலம்பெயர்வு என்கிறோம். இதைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே வைத்துக்கொள்வது நல்லது. மக்கள் ஏன் போகிறார்கள் என்பது முதல் கேள்வி. போன இடத்தார் அவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பள்ளிப் பாடநூல்களிலேயே ஓரளவு நல்ல விடை கிடைத்துவிடும். இரண்டாவது கேள்விக்கு நம்மிடையே வழங்கும் விடைகளோ பெரும்பாலும் வந்தவர்களின் குணத்தைப் பற்றியவையாகவே இருக்கின்றன. உழைப்பாளிகளாக இருந்ததால் மதிக்கப்பட்டார்கள் என்பார்கள். ஊரோடு ஒட்டாமல் இருந்ததால் வெறுக்கப்பட்டார்கள் என்பார்கள். இன்று மியன்மார் எனப்படும் பர்மாவில் சில தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழர்களில் ஒருவன் என்ற முறையில் இந்த விளக்கம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. ஒரே மாவட்டத்திலிருந்து கிளம்பியவர்கள் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு விதமாக நடத்தப்பட்டிருக்கிறார்கள். ஒரே நாட்டிலும் முப்பது ஆண்டுகளில் அவர்கள் நிலை தலைகீழாக மாறியிருக்கிறது. அவர்களை உள்ளே அழைத்தவர் யார், உள்ளூர்ப் பொருளாதாரத்தில் அவர்கள் எந்த இடத்தில் நிறுத்தப்பட்டார்கள், அழைத்தவர் போன பிறகு அதிகாரம் யார் கைக்கு வந்தது ஆகிய மூன்றையும் பார்த்தால்தான் இரண்டாவது கேள்விக்கு விடை பிடிபடும்.

தள்ளுவதும் இழுப்பதும்

1885 ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் ராவென்ஸ்டீன் என்ற புவியியலாளர் பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கை ஆராய்ந்து, மனிதர்களின் இடப்பெயர்ச்சியிலும் சில ஒழுங்குகள் உண்டு என்று எடுத்துக்காட்டினார். பெரும்பாலானோர் அருகிலுள்ள இடங்களுக்கே போகிறார்கள், ஒரு பக்கம் ஓட்டம் இருந்தால் அதற்கு எதிர் ஓட்டமும் இருக்கும் என்பவை அவர் கண்டவற்றுள் இரண்டு. 1966 இல் எவரெட் லீ என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை மேலும் விரித்தார். புறப்படும் ஊரில் ஆளை வெளியே தள்ளும் காரணங்கள், போகும் ஊரில் ஆளை இழுக்கும் காரணங்கள், இடையில் உள்ள தடைகள், போகிறவரின் சொந்த நிலைமை என்று நான்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார். வறுமை மட்டுமே மக்களைக் கிளப்பிவிடும் என்றால் உலகத்தின் மிக வறிய கிராமங்கள் என்றோ காலியாகியிருக்கும். தடைகள் குறைந்து, அங்கே ஏற்கெனவே தெரிந்தவர் ஒருவர் இருந்து, வழிச்செலவுக்கும் ஒரு வழி பிறந்தால்தான் ஆள் கிளம்புகிறார்.

இந்த நான்கையும் பர்மாவில் தெளிவாகக் காணலாம். 1852 ஆம் ஆண்டுப் போரில் கீழ்ப் பர்மா பிரிட்டிஷார் வசமாயிற்று. அப்போது ஐராவதி ஆற்றின் கழிமுகம் பெரும்பாலும் சதுப்பும் காடுமாகக் கிடந்தது. 1869 இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்தது. அரிசிக்கு விலை ஏறியது. 1850களில் ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கராக இருந்த கீழ்ப் பர்மாவின் நெல் சாகுபடி 1930களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. காட்டை வெட்டிக் கழனியாக்கியவர்களில் பெரும்பாலோர் மேல் பர்மாவிலிருந்து இறங்கி வந்த பர்மிய விவசாயிகள்தாம் என்பதை நம்மவர்கள் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அறுவடைக்கும், ஆலைக்கும், மூட்டை சுமந்து கப்பலில் ஏற்றுவதற்கும் குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் ஏராளமான ஆள் தேவைப்பட்டது. சொந்தமாக நிலம் பிடிக்க வாய்ப்புள்ள பர்மியர் ஒருவர் அந்தக் கூலிக்கு வர வேண்டிய அவசியம் அன்று இல்லை. வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், சென்னை மாகாணத்தில் இருந்தவருக்கு அதே கூலி ஊரில் கிடைப்பதைக் காட்டிலும் அதிகம்.

தள்ளிய காரணங்களை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சம், நிலமற்ற பண்ணையாள் வாழ்க்கை, சாதியின் பெயரால் ஊரில் பட்ட அவமானம் ஆகியவை எல்லோரும் அறிந்தவை. தடைகள் குறைவாக இருந்ததுதான் இங்கே முக்கியம். 1886 முதல் பர்மா முழுவதும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தது. சென்னையிலிருந்து ரங்கூனுக்குக் கப்பலில் மூன்று, நான்கு நாள் பயணம்; கடவுச்சீட்டு என்ற பேச்சே கிடையாது. சட்டத்தின் கண்ணில் அது தஞ்சாவூரிலிருந்து கோயம்புத்தூருக்குப் போவது போன்ற உள்நாட்டுப் பயணம். மொரீஷியஸுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் போனவர்கள் ஒப்பந்தப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டு ஐந்து ஆண்டுகள் கட்டுண்டு கிடந்தார்கள். பர்மாவில் அந்த ஒப்பந்த முறை வேரூன்றவே இல்லை. எதிர் ஓட்டம் பற்றி ராவென்ஸ்டீன் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது: 1927 ஆம் ஆண்டில் மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ரங்கூனில் வந்து இறங்கினார்கள்; அதே ஆண்டில் லட்சக்கணக்கானோர் ஊர் திரும்பவும் செய்தார்கள். அறுவடைக்கு வந்து, ஆலை ஓய்ந்ததும் திரும்பி, மறு ஆண்டு மீண்டும் வந்தவர்களே இவர்களில் மிகுதி. தங்கிவிட்டவர்களின் வழிவந்தவர்கள்தாம் இன்றைய பர்மாத் தமிழர்கள்.

மேஸ்திரியின் கணக்கு

ஒப்பந்தப் பத்திரம் இல்லை என்பதால் வந்தவர் சுதந்திரமானவர் என்று நினைத்துவிடக் கூடாது. பத்திரத்தின் இடத்தில் மேஸ்திரி இருந்தார். அவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், பல சமயம் அதே சாதிக்காரர். ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார். கப்பல் கட்டணத்துக்கும், வழிச் சாப்பாட்டுக்கும், வீட்டில் விட்டுவரும் செலவுக்கும் முன்பணம் கொடுப்பார். அந்தத் தொகை ஆளின் பெயரில் பற்று எழுதப்படும். ரங்கூனில் ஆலையோ கப்பல் கம்பெனியோ கூலியை ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கும். அவர் பெரிய மேஸ்திரியிடமும், பெரிய மேஸ்திரி சின்ன மேஸ்திரியிடமும் கொடுப்பார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு பங்கு நின்றுவிடும். கடைசியில் கூலிக்காரர் கைக்கு வரும் தொகையிலிருந்து முன்பணத் தவணையும், தங்குமிட வாடகையும், சாப்பாட்டுக் கணக்கும் கழியும். நகரத்துத் தங்குமிடங்களில் இடம் போதாமல் முறை வைத்துத் தூங்கினார்கள். இரவு வேலைக்காரர் வந்து படுப்பதற்காகப் பகல் வேலைக்காரர் பாயை விட்டு எழுந்தார்.

இந்த முறையைக் கொடுமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எளிது. ஆனால் புலம்பெயர்வு நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதை அறிய விரும்புகிறவர் மேஸ்திரியின் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும். அறியாத ஊரில் வந்து இறங்கியவருக்கு வேலை, படுக்க இடம், காய்ச்சல் வந்தால் கஞ்சி, செத்தால் அடக்கம் என எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. சுரண்டியவரும் அவரே, தாங்கிப் பிடித்தவரும் அவரே. இந்த ஏற்பாட்டால் இன்னொரு விளைவும் உண்டானது. தொழிலாளி எப்போதும் தன் ஊர்க் கூட்டத்துக்குள்ளேயே இருந்தார். பக்கத்தில் வேலை செய்த பர்மியரோடு பேசிப் பழக வேண்டிய தேவை அவருக்கு எழவே இல்லை. பின்னாளில் 'இந்தியர்கள் ஒட்டவில்லை' என்று குற்றம் சாட்டப்பட்டபோது, அந்த ஒட்டாமை அவர்கள் குணமா அல்லது வேலைக்கு எடுத்த முறையின் விளைவா என்று யாரும் நின்று கேட்கவில்லை.

வட்டிக்கடையும் வயலும்

ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்கர்களே மிகுதி; தமிழர்கள் அரிசி ஆலைகளிலும் பெகு, ஹந்தவாடி போன்ற மாவட்டங்களின் வயல்களிலும் பரவலாக இருந்தார்கள். ஆனால் பர்மியர் நினைவில் ஆழமாகப் பதிந்த தமிழர் கூலிக்காரர் அல்லர், செட்டியார். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்ய, போன நகரத்தார்கள் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கழிமுகத்தின் சிற்றூர்கள் வரை கடை வைத்தார்கள். ரங்கூன் மொகல் தெருவில் கடையும் தங்குமிடமுமாக இருந்த கிட்டங்கிகளில் தரையில் பாய் விரித்து, சாய்வு மேசையும் பணப்பெட்டியுமாக அமர்ந்து, மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் கணக்கு எழுதினார்கள். அந்தத் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். ஒரு முகவர் மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் ஊர் திரும்புவார், அடுத்தவர் வருவார். ஊரில் பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய வீடுகள் எழுந்தன.

பெரிய ஆங்கில வங்கிகள் சேற்றில் நிற்கும் விவசாயிக்குக் கடன் கொடுக்க முன்வரவில்லை. அவை செட்டியார்களுக்குக் கொடுத்தன. செட்டியார்கள் ஊரிலிருந்து திரட்டிய முதலையும் சேர்த்து விவசாயிக்குக் கொடுத்தார்கள். காட்டைக் கழனியாக்கிய செலவின் பெரும்பகுதி இப்படித்தான் கிடைத்தது. நிலத்தை அடமானம் வைக்கும் உரிமையைக் கொடுத்தது பிரிட்டிஷ் சட்டம். விலை நன்றாக இருந்தவரை இந்த ஏற்பாட்டில் இரு தரப்புக்கும் பெரிய குறை இல்லை.

1930 இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. வாங்கிய கடன் மட்டும் விழவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930 இல் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 6 சதவீதம். 1930களின் இறுதிக்குள் அது 25 சதவீதமாகிவிட்டது. செட்டியார்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு இதைச் செய்யவில்லை என்று நம் தரப்பில் சொல்வது உண்மைதான். அவர்களுக்கு வேண்டியது பணம். வாங்க ஆளில்லாத காலத்தில் நிலம் அவர்களுக்கே சுமை. ஆனால் பர்மிய விவசாயியின் இடத்தில் நின்று பார்த்தால் அந்த நியாயம் எடுபடாது. லண்டன் அரிசி விலையை அவர் பார்த்ததில்லை, வங்கியின் படியை மிதித்ததில்லை. தன் தகப்பன் வெட்டித் திருத்திய வயலின் பத்திரத்தை எடுத்துக்கொண்டவராக அவர் கண்ட ஒரே முகம் கடை முகவரின் முகம். அவருடைய கோபம் பொய்க்கோபம் அன்று. ஆனால் அந்தக் கோபத்துக்கு உரியவர் அந்த முகவர் மட்டும் அல்லர்.

சந்தையில் மட்டும் சந்தித்தவர்கள்

பர்மாவில் அதிகாரியாக இருந்த ஃபர்னிவால் என்ற ஆங்கிலேயர், அந்த நாட்டுச் சமூகத்தைப் பற்றி ஒரு கருத்தைச் சொன்னார். ஒரே ஆட்சியின் கீழ் பல இனத்தவர் அருகருகே வாழ்கிறார்கள். ஆனால் வாங்கவும் விற்கவும் சந்தைக்கு வரும்போது தவிர வேறெங்கும் ஒருவரை ஒருவர் சந்திப்பதில்லை. ஒவ்வோர் இனமும் ஒரு தொழிலோடு கட்டப்பட்டுவிடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் கூலித் தகராறும் கடன் தகராறும் உடனே இனத் தகராறாக மாறிவிடும் என்பதே அவர் கருத்தின் சாரம். பன்மைச் சமூகம் என்று இதைச் சமூகவியலில் குறிப்பிடுகிறார்கள். இன்று பல நாடுகளில் நடக்கும் குடியேறிகளுக்கு எதிரான கலவரங்களைப் புரிந்துகொள்ளவும் இந்தக் கருத்து உதவும்.

1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் நடந்தது இதற்குச் சரியான சான்று. இந்தியத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒப்பந்தக்காரர்கள் அவர்களுக்குப் பதிலாகப் பர்மியர்களைக் கொண்டுவந்தார்கள். கிராமத்தில் பிழைப்புக் கெட்டு நகருக்கு வந்திருந்த பர்மியர்களுக்கு அப்போது எந்த வேலையும் நல்ல வேலை. பின்னர் வேலைநிறுத்தம் பேசி முடிக்கப்பட்டது. மே 26 அன்று வழக்கம்போல வேலைக்கு வந்த பர்மியர்களிடம் இனி நீங்கள் வேண்டாம் என்று சொல்லப்பட்டது. அங்கே தொடங்கிய கைகலப்பு நகரமெங்கும் பரவி நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். இரு கூட்டத்தாரையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய ஒப்பந்தக்காரர்கள் மேல் யாரும் கை வைக்கவில்லை. 1938 இல் ஒரு மத விவகாரத்தை முன்னிட்டு மூண்ட கலவரம் குறிப்பாக முஸ்லிம்களைக் குறிவைத்தது. அதன் அடியிலும் நில இழப்பும் வேலையின்மையும் கனன்றுகொண்டிருந்தன.

எண்ணிக்கைக்கும் இதில் பங்கு உண்டு. 1931 கணக்கெடுப்பின்படி பர்மாவின் 1 கோடியே 46 லட்சம் மக்களில் இந்தியர் சுமார் 10 லட்சம், அதாவது 7 சதவீதம். ஆனால் தலைநகரான ரங்கூனின் 4 லட்சம் பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். நகரத்தின் பொதுமொழியாக இந்துஸ்தானி இருந்தது; சொந்த நாட்டின் தலைநகரில் பர்மியர் தம் மொழியை மட்டும் வைத்துக்கொண்டு காரியம் நடத்துவது கடினமாக இருந்தது. நாடளவில் வலுவற்ற சிறுபான்மை, தலைநகரில் கண்ணை உறுத்தும் பெரும்பான்மை என்பது குடியேறிகளுக்கு வாய்க்கக்கூடிய மிக ஆபத்தான நிலை என்பது என் கணிப்பு. மொரீஷியஸில் இந்திய வம்சாவளியினர் நாட்டளவிலேயே பெரும்பான்மையானார்கள். 1968 இல் விடுதலை வந்தபோது ஆட்சியும் அவர்களில் ஒருவரான சிவசாகர் ராம்கூலம் கைக்கு வந்தது. நம்மவர்கள் அங்கே நல்லவர்களாகவும் இங்கே கெட்டவர்களாகவும் இருந்தார்கள் என்றா சொல்ல முடியும்?

அழைத்தவர் போன பிறகு

1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. கடலும் கப்பலும் மாறவில்லை. உள்நாட்டுப் பயணி மட்டும் அன்றோடு வெளிநாட்டவராகும் பாதையில் வைக்கப்பட்டார். 1941 இல் இரு அரசுகளும் குடியேற்றக் கட்டுப்பாட்டு உடன்பாடு ஒன்றைச் செய்துகொண்டன. அது முழுமையாக நடைமுறைக்கு வருவதற்குள் போர் வந்துவிட்டது.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு போட்டன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. அடுத்த சில மாதங்களில் நான்கைந்து லட்சம் இந்தியர்கள் இந்தியாவை நோக்கிக் கிளம்பினார்கள். அரக்கான் மலைகளைக் கடந்து சிட்டகாங்குக்கும், தமு வழியாக மணிப்பூருக்கும், வடக்கே ஹூகாங் பள்ளத்தாக்கின் சேற்றில் அசாமின் லெடோவுக்கும் நடந்தார்கள். காலராவாலும், மலேரியாவாலும், பசியாலும் வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம். கப்பலிலும் விமானத்திலும் ஐரோப்பியர்களுக்கு முன்னுரிமை கிடைத்தது. நடைவழிகளில்கூட வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை என்று பிரித்தார்கள். தன் அரிசி வணிகத்துக்காக இவர்களைக் கூட்டிவந்த அரசு ஆபத்துக் காலத்தில் இவர்களை எந்த வரிசையில் நிறுத்தியது என்பதை அந்தப் பாதைகள் காட்டின. போக வழியில்லாத வயல்காட்டுத் தமிழர்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். 1944 ஜனவரியில் நேதாஜியின் தலைமையகம் ரங்கூனுக்கு வந்தபோது அவர்களில் பலர் அவர் படையோடு சேர்ந்துகொண்டார்கள்.

1948 ஜனவரி 4 அன்று பர்மா விடுதலை பெற்றது. அதே ஆண்டு நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. செட்டியார்களின் கதை அதோடு ஏறத்தாழ முடிந்தது. குடியுரிமை விஷயத்தில் புதிய அரசியல் சாசனம் கதவை அடைத்துவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் பிறந்து, போருக்கு முந்தைய அல்லது விடுதலைக்கு முந்தைய 10 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் பர்மாவில் வாழ்ந்தவர் விரும்பி விண்ணப்பித்தால் குடிமகனாகலாம். ஆனால் பெரும்பாலோர் விண்ணப்பிக்கவில்லை. ஊரில் ஒரு காலும் இங்கே ஒரு காலுமாக வாழ்ந்தவருக்கு எதை விடுவது என்று முடிவு செய்யத் தெரியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத வயல்கூலியிடம் வசிப்பைக் காட்டும் காகிதமும் இல்லை. விண்ணப்பித்த பலரின் கோப்புகள் ஆண்டுக்கணக்கில் முடிவாகாமல் கிடந்தன. இவர்கள் அயலார் பதிவு அட்டையோடு வாழ்ந்தார்கள்.

குடியுரிமைக் காகிதத்தின் விலை 1962 இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகுதான் தெரிந்தது. 1963 இல் வங்கிகளும், 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளும் அரசுடைமையாயின. பெட்டிக்கடை வரை பூட்டு விழுந்தது. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. பர்மிய வணிகர்களும் சீனர்களும் இதில் அடிபட்டார்கள் என்றாலும், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேறு தொழிலுக்கு மாறவும் வழி இருக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். சேர்த்த பணத்தையும் நகையையும் எடுத்துப்போகக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. தனியார் பள்ளிகளும் அரசுடைமையானதால் தமிழ் பயிற்றுவித்த பள்ளிகள் மூடின. அதன் பிறகு தமிழைக் கோயில்களே காப்பாற்றி வந்திருக்கின்றன.

1982 இல் வந்த குடியுரிமைச் சட்டம்தான் இன்றும் நடப்பில் உள்ளது. 1823 ஆம் ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணில் நிலைத்திருந்த இனங்களே பிறப்பால் குடிமக்கள் என்று அது வகுக்கிறது. முதல் ஆங்கில-பர்மியப் போர் 1824 இல் தொடங்கியது. ஆண்டைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே சட்டத்தின் மனம் தெரிகிறது: பிரிட்டிஷார் நிழலில் வந்தவர் எவரும் முழு உரிமைக்காரர் அல்லர். அரசு ஏற்றுக்கொண்ட 135 இனங்களின் பட்டியலில் தமிழர் இல்லை. முழுக் குடியுரிமைக்கு இளஞ்சிவப்பு அட்டை, முன்பு விண்ணப்பித்து முடிவுக்குக் காத்திருந்தவர்களுக்கான இணைக் குடியுரிமைக்கு நீலம், இயல்புரிமை பெற்றவருக்குப் பச்சை என்று மூன்று நிறங்கள் வந்தன. இணைக் குடியுரிமை பெற்றவர்களின் மூன்றாம் தலைமுறை முழுக் குடிமக்களாகலாம் என்று சட்டம் சொல்கிறது. பாட்டனின் காகிதத்தையும் தகப்பனின் காகிதத்தையும் ஒழுங்காகக் காட்ட முடிந்த குடும்பங்களுக்கு அது நடந்தும் இருக்கிறது. அட்டையில் இனம், மதம் என்று ஒரு வரி உண்டு. பர்மிய மொழியில் பேசி, லுங்கி உடுத்தி, பள்ளியில் ஒரு பர்மியப் பெயரும் வீட்டில் ஒரு தமிழ்ப் பெயருமாக வளர்ந்த பிள்ளைக்கு, தான் வேறு என்பது பெரும்பாலும் அந்த வரியை நிரப்பும் நாளில்தான் உறைக்கிறது. அன்றாட வாழ்வில் அக்கம்பக்கத்துப் பர்மியர்களோடு எங்களுக்குப் பெரிய பிணக்கு இல்லை. கோயில் தீமிதிக்கு அவர்களும் வருகிறார்கள், வேண்டுதல் வைக்கிறார்கள். தெரு ஏற்றுக்கொண்ட ஒருவரை அலுவலகம் ஏற்காமல் இருக்கலாம் என்பதையும், சில நாடுகளில் இதற்கு நேர்மாறாக நடக்கும் என்பதையும் புதிதாகப் படிப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

தாயகத்தின் வரவேற்பு

அந்த நேர்மாறான நிலையைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. பர்மாவிலிருந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்கள் சுமார் 1.4 லட்சம் பேர். அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்று அரசு பதிவு செய்தது. இடம் ஒதுக்கியது, சிறுதொழிலுக்குக் கடன் கொடுத்தது. சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. ஆனால் பலர் அந்தத் தாயகத்தை அதற்கு முன் கண்டதே இல்லை. ஊரில் பங்காளிகளின் வீட்டுத் திண்ணையில் சில மாதம் இருந்துவிட்டு நகரத்து ஓரங்களுக்கு நகர்ந்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அவர்கள் 'பர்மாக்காரர்கள்' ஆனார்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் வரிசையாகக் கடை போட்டு 1960களின் இறுதியில் பர்மா பஜாரை உருவாக்கினார்கள். வியாசர்பாடியிலும் பஜாரை ஒட்டிய தெருக்களிலும் இன்றும் மாலையானால் தள்ளுவண்டியில் அத்தோ கிடைக்கிறது. கெட்டியான மஞ்சள் நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து கொடுத்து, கூடவே வாழைத்தண்டு போட்ட சூப்பை ஊற்றுகிறார்கள். பர்மாவில் இட்லியும் சாம்பாரும் விற்று 'இந்தியர்' எனப்பட்டவர்கள், சென்னையில் அத்தோ விற்று 'பர்மியர்' எனப்பட்டார்கள்.

இன்னும் சிலர் தமிழ்நாட்டில் காலூன்ற முடியாமல், மணிப்பூர் வழியாகத் தரைமார்க்கமாகப் பர்மாவுக்கே திரும்ப முயன்றார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு, மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள், எல்லை வணிகத்தில் முன்னுக்கு வந்தார்கள். இரண்டு நாடுகளுக்கும் நடுவில், இரண்டின் மொழியும் தெரிந்தவர்களாக இருந்ததே அவர்களுக்கு முதலாயிற்று.

இன்று ஓட்டம் வேறு திசையில் போகிறது. 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பிறகும், 2024 இல் கட்டாய ராணுவச் சேவை நடைமுறைக்கு வந்த பிறகும் மியன்மாரின் இளைஞர்கள் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. எல்லை ஊரான மியாவடியிலிருந்து ஆற்றைத் தாண்டினால் தாய்லாந்தின் மேசோட். அங்கிருந்து பாங்காக்கை ஒட்டிய சமுத்சாகோனின் இறால் ஆலைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் தரகர்கள் ஆள் அனுப்புகிறார்கள். தரகுப்பணத்தைக் கடனாக வைத்துக் கூலியில் கழிக்கும் அதே பழைய கணக்கு இப்போது தொலைபேசியில் நடக்கிறது. ஒருகாலத்தில் இந்தியக் கூலிகள் நின்ற இடத்தில் இப்போது பர்மியர்களும் பர்மாத் தமிழர்களும் சேர்ந்து நிற்கிறார்கள். 2020 டிசம்பரில் சமுத்சாகோன் இறால் சந்தையில் கொரோனா பரவியபோது, எல்லை தாண்டி வந்த தொழிலாளர்களே நோயைக் கொண்டுவந்தார்கள் என்று தாய்லாந்துப் பிரதமரே பழி சொன்னார். பேருந்திலும் கடையிலும் பர்மியர்களை ஏற்ற மறுத்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள், ஆலைகளுக்கு ஆள் வேண்டியிருந்ததால், காகிதம் இல்லாத தொழிலாளர்கள் பதிவு செய்துகொண்டு இரண்டு ஆண்டுகள் தங்கி வேலை செய்யலாம் என்று அதே அரசின் அமைச்சரவை அனுமதி கொடுத்தது.